பத்தாம் நம்பர் திரும்பி வந்தபோது

வியாசர்பாடிப் பக்கம் ஒரு சின்ன ஃபுட்பால் டீமுக்கு நான் கோச். சம்பளம் எதுவும் கிடையாது. பகலில் வேறு வேலை, விடியற்காலையும் ஞாயிற்றுக்கிழமையும் கிரவுண்டு. பையன்களின் பெயர் வேண்டாம், ஜெர்சி நம்பரிலேயே சொல்கிறேன். கிரவுண்டில் பாதி நேரம் நான் கூப்பிடுவதும் அப்படித்தான்.

பத்துக்கு முட்டி போனது ஒரு பயிற்சி ஆட்டத்தில். யாரும் இடிக்கவில்லை. ஓடி வந்து பந்தை நிறுத்தித் திரும்பினான். ஷூவுக்கு அடியில் இருக்கும் ஸ்டட் மண்ணில் மாட்டி இடது கால் அங்கேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னான். சுளுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வீட்டில் புத்தூருக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போடலாம் என்று பேச்சு. இரண்டு வாரத்தில் வீக்கம் இறங்கியது. ஆனால் மாடிப்படி இறங்கும்போது முட்டி நழுவுகிறது என்றான். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்துவைக்கும் ஏசிஎல் என்ற நார் முழுதாகக் கிழிந்திருந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தொடையின் பின்பக்கத் தசைநாரில் கொஞ்சம் எடுத்து முட்டிக்குள் வைத்தார்கள். வெளியே வரும்போது யாரோ, "ஆறு மாசத்துல ஆடலாம் தம்பி" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆறு மாதம்தான் எனக்கு எமனாக வந்தது. பையன் காலண்டரில் வட்டமே போட்டுவிட்டான்.

உள்ளே வைத்த நார் முதல் நாளிலிருந்து பலமாகிக்கொண்டே போகாது. முதல் சில மாதங்களில் அது இன்னும் பலவீனமாகி, அப்புறம்தான் மெல்ல மெல்லத் தேறும். வலி போய்விடுவதால் ஆடுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. 2016-ல் நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், முட்டியில் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது அதன் முடிவு. இதை அவனிடமும் அவன் அம்மாவிடமும் சொன்னேன். "அவன் நடந்தா போதும் சார், ஆட்டம் எல்லாம் நீங்க பாத்துக்கோங்க" என்றார் அந்த அம்மா.

அவன் இல்லாத மாதங்களில் டீமுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்து இருந்தவரை எங்கள் ஆட்டம் ரொம்ப எளிது. பந்து கிடைத்தால் அவன் காலுக்குக் கொடு. கோலுக்கு முதுகு காட்டி நின்று, பின்னால் ஒரு ஆளைத் தாங்கிக்கொண்டு, இரண்டு ஓரத்திலும் ஆடும் விங் பையன்கள் ஓடி வரும்வரை பந்தை வைத்திருப்பான். அவன் இடத்தில் போட்ட பதினேழுக்கு இதில் ஒன்றுகூட வராது. பந்து அவன் காலில் பட்டால் இரண்டு மீட்டர் தள்ளி விழும். ஆனால் ஓட்டம்! முதல் இரண்டு ஆட்டம் தோற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது, அவன் காலுக்குப் பந்து கொடுப்பதே தப்பு என்று. பந்தைப் பின்வரிசைக்குப் பின்னால் போடச் சொன்னேன். எதிர் அணி கோலி, அதாவது கோல்கீப்பர், பந்தைத் தொட்டவுடன் பதினேழு அவன்மேல் பாய வேண்டும், அவன் பின்னாலேயே நடுக்களம் மொத்தமும் பத்தடி மேலே ஏற வேண்டும். அடுத்த எட்டு ஆட்டத்தில் ஆறு ஜெயம், இரண்டு டிரா. பத்து இருந்த காலத்தில்கூட இப்படி ஒரு வரிசை வந்ததில்லை. அவனும் வாராவாரம் கோட்டோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

எட்டாம் மாதம் சோதனை வைத்தேன். பெரிய கிளப்பில் இதற்கெல்லாம் மெஷின் உண்டு. எங்களிடம் இருந்தது அளவு டேப்பும் சுண்ணாம்புப் பொடியும். ஒற்றைக் காலில் ஒரு தாவல், மூன்று தாவல், கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக மூன்று தாவல். நல்ல கால் தாவும் தூரத்தில் அடிபட்ட கால் குறைந்தது 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. நேர் தாவலில் தேறிவிட்டான். குறுக்குத் தாவலில் 84. போனில் எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டினேன். கீழே இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடிந்தது. அவனும்தான் பார்த்தான். ஆனாலும் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

அந்தச் சமயத்தில் அவன் ஜெர்சிக்கு மேல் மஞ்சள் பிப் போட்டு ஆடினான். மஞ்சள் போட்டவனை யாரும் மோதி டேக்கில் செய்யக் கூடாது என்பது விதி. ஒருநாள் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, "எல்லாரும் என்னப் பாத்து ஒதுங்குறாங்க ண்ணா, நான் என்ன நோயாளியா?" என்றான். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிப்பை எடுத்து மறுபடி மாட்டிவிட்டேன்.

பத்தாம் மாதம் எல்லாம் தேறியது. இதுவரை நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். சொதப்பியது இதற்கு அப்புறம்.

அட்டவணையில் கீழே கிடந்த ஒரு அணியோடு ஆட்டம். சுலபமான ஆட்டம்தானே, இதில் இறக்குவோம் என்று பத்தைப் பழைய இடத்தில் முதல் பதினொன்றில் போட்டேன். பதினேழிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லிஸ்டை வாசித்து முடித்ததும், "அப்போ நான் இல்லியா ண்ணா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். ஆட்டம் 1-1.

பத்து மோசமாக ஆடவில்லை. ஆனால் அவன் கோலியை நோக்கிப் பாயவில்லை, பாயவும் முடியாது. முன்னால் ஆள் ஓடாததால் நடுக்களம் ஏறலாமா வேண்டாமா என்று பாதியில் நின்றது. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. அவனைப் பார்த்தவுடன் மற்ற பத்துப் பேரும் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டார்கள். பந்து வந்தால் தலையைத் தூக்கி அவன் எங்கே என்று தேடுகிறார்கள். எட்டு ஆட்டத்தில் கற்றதெல்லாம் அரை மணி நேரத்தில் காணோம். நான் அதுவரை அவன் முட்டியைத்தான் பரிசோதித்திருந்தேன். மற்றவர்கள் தயாரா என்று பார்க்கவே இல்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய கதைகளை யோசித்துக்கொண்டிருந்தேன். 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் ஜிம்மி கிரீவ்ஸுக்குப் பிரான்ஸ் ஆட்டத்தில் கணுக்காலுக்கு மேலே வெட்டுக்காயம், தையல் போட்டார்கள். உள்ளே வந்த ஜெஃப் ஹர்ஸ்ட் அர்ஜென்டினாவோடு ஒரே கோலை அடித்தார். இறுதி ஆட்டத்துக்குள் கிரீவ்ஸ் தேறிவிட்டார், ஆனால் கோச் ஆல்ஃப் ராம்சி ஜெயிக்கிற அணியை மாற்றவில்லை. ஹர்ஸ்ட் மூன்று கோல் போட்டார். அப்போதெல்லாம் மாற்று ஆட்டக்காரரை இறக்கவே முடியாது என்பதால் கிரீவ்ஸ் முழு ஆட்டத்தையும் வெளியே உட்கார்ந்து பார்த்தார். பதக்கம் அவர் கைக்கு வந்தது 2009-ல். இதற்கு நேர் எதிர் 2019, ஐரோப்பிய கிளப்புகள் ஆடும் சாம்பியன்ஸ் லீக். இங்கிலாந்து கிளப் டாட்டன்ஹாமின் ஹாரி கேன் ஏப்ரலில் கணுக்கால் அடிபட்டுப் போனார். அயாக்ஸோடு அரையிறுதியில் லூக்கஸ் மோரா மூன்று கோல் அடித்து அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். மாட்ரிட்டில் நடந்த இறுதியில் கேன் உள்ளே, மோரா பெஞ்சில். லிவர்பூல் 2-0 ஜெயித்தது. மோரா முதலிலிருந்தே ஆடியிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், இரண்டாவது நிமிடமே பெனால்டியில் கோல் வாங்கிய ஆட்டம் அது. ஆனால் டாட்டன்ஹாம் கோச் போச்செட்டினோவின் மனநிலை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நம்முடைய நல்ல ஆட்டக்காரன் ஆடத் தயாராக எதிரே நிற்கும்போது 'இல்லை' என்று சொல்வது லேசில்லை.

அடுத்த வாரம் முதலில் பதினேழைத்தான் டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். சொல்லாமல் எடுத்தது என் தப்பு என்றேன். முதல் பதினொன்றில் நீதான், ஆனால் கடைசி இருபது நிமிடம் உன் கால் ஓயும்போது எடுத்துவிடுவேன், அதனால் அதுவரை எதையும் மிச்சம் வைக்காதே என்றேன். பன்னைத் தின்றுகொண்டே தலையாட்டினான். பத்திடம் பேசுவதுதான் கஷ்டம். அவனுக்கு இருபது நிமிடம் அவமானமாகப் பட்டது. "நீ ஓட வேண்டாம். நாம முன்னாடி இருக்கும்போது உள்ள வா. பந்தை வாங்கு, வெச்சிக்க, ஃபவுல் வாங்கு. அது பதினேழுக்கு வராது, உனக்கு மட்டும்தான் வரும்" என்றேன். பதில் இல்லை. ஆனால் மறுநாள் ப்ராக்டீஸுக்கு எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தான்.

மற்றவர்களுக்கு ஒரு அடையாளம் வைத்தோம். பத்து உள்ளே வந்தால் யாரும் மேலே ஏறிப் பாய வேண்டியதில்லை, எல்லோரும் பத்தடி கீழே இறங்கிவிட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், பயிற்சி ஆட்டத்தின் நடுவில் விசில் அடித்து அவனை உள்ளே விடுவேன். முதல் சில நாள் குழப்பம். அப்புறம் என் விசிலுக்குக் காத்திருக்காமல் அவர்களாகவே இறங்கினார்கள்.

மீதி ஐந்து ஆட்டத்தில் நான்கு ஜெயித்தோம். ஒன்றில் 1-0 முன்னிலையில் இருந்தபோது, கார்னர் கொடிக்குப் பக்கத்தில் இரண்டு பேரை முதுகில் தாங்கிக்கொண்டு நிமிடக் கணக்கில் பந்தைப் பிடித்து வைத்திருந்தான் பத்து. ஒருவன் இடது காலில் உதைத்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஃப்ரீ கிக் போட்டான். பெஞ்சிலிருந்து பதினேழுதான் பெரிதாகக் கத்தினான்.

இரண்டாம் இடத்தில் முடித்தோம். சீசன் முடிந்ததும் பதினேழை மேல் டிவிஷன் கிளப் ஒன்று கூப்பிட்டுக்கொண்டது. போகாதே என்று எப்படிச் சொல்வது, நானே பைக்கில் கொண்டுபோய் விட்டேன். இப்போது பத்து மறுபடி முன்னால் ஆடுகிறான், முட்டியில் கறுப்பு ஸ்லீவோடு. கோலிமேல் பாய ஒரு பையன் தேடிக்கொண்டிருக்கிறேன். பந்து சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை.