நாலு வீட்டு ஆமைத் தொட்டிகள்: மார்கழி முதல் வைகாசி வரை

ஜனவரி 5, 2025, ஞாயிறு. ஓசூர்

காலை ஆறு மணிக்குத் தொட்டித் தண்ணீர் 17 டிகிரி. தருமபுரியில் இதே நேரத்தில் 21. ஒரே குளிர்காலம் என்றாலும் ஓசூர் வீட்டுக்குத் தனிக் கணக்குதான். நாங்கள் வளர்க்கும் தண்ணீர் ஆமையான ரெட் இயர்டு ஸ்லைடர் 20 டிகிரிக்குக் கீழே சரியாகச் சாப்பிடாது. அப்போது தீனி போட்டாலும் குடலில் செரிக்காமல் கிடந்து கெடும். அதனால் முதலில் தண்ணீரைச் சூடாக்க வேண்டும், தீனி அப்புறம்.

200 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஹீட்டர். கண்ணாடிக் குழாயை அப்படியே போட்டால் ஆமை முட்டி உடைத்துவிடும். இரண்டு அங்குல பி.வி.சி. பைப்பில் விரற்கடைக்கு ஒரு துளை போட்டு, ஹீட்டரை அதற்குள் நுழைத்து, கேபிள் டையால் கட்டியாயிற்று. ஒரு நாளைக்கு 2 டிகிரி வீதம் 25 வரை ஏற்றுவதாக முடிவு. தண்ணீர் மாற்றும்போது முதலில் சுவிட்சை அணைத்து, கால் மணி நேரம் கழித்துத்தான் தண்ணீரை இறக்க வேண்டும். சூடான கண்ணாடி காற்றுப் பட்டால் விரிசல் விடும். விரிசல் விட்ட ஹீட்டர் கிடக்கும் தண்ணீரில் கை வைப்பது உயிர் சமாச்சாரம். ஹீட்டர் ஓடும் லைனில் இ.எல்.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லாத வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டோம்.

ஜனவரி 19, ஞாயிறு. ஓசூர்

தண்ணீர் 25. மூக்கில் நுரை இல்லை, ஒரு பக்கம் சாய்ந்து நீந்தவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை. குளிருக்குப் பிறகு இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும். ஒன்று இருந்தாலும் நுரையீரலில் சளி என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட வேண்டும். கஷாயம், மஞ்சள் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு. தருமபுரி

பாலக்கோட்டுத் தம்பி ஒரு ஆமையைக் கொண்டுவந்தான். "அண்ணா, நாலு நாளா கண்ணே தொறக்க மாட்டேங்குது, தீனியும் எடுக்கல." ஓட்டின் நீளம் 9 செ.மீ., எடை சமையலறைத் தராசில் 135 கிராம். கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. ஒன்றரை வருஷமாகக் காய்ந்த இறால் மட்டுமே தீனி, கண்ணாடிக் கிண்ணத்தில் வாசம்.

கடையில் டப்பாவோடு விற்கிற அந்தக் காய்ந்த இறாலில் வைட்டமின் ஏ போதாது. அது குறைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகள் தடித்து அடைத்துக்கொள்ளும். அழுக்குத் தண்ணீர் அதை இன்னும் மோசமாக்கும். ஸ்லைடர் தீனியைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கும். கண் மூடினால் தீனி இல்லை, தீனி இல்லாவிட்டால் வைட்டமின் இல்லை. இந்தச் சுழலில்தான் குட்டிகள் போய்ச் சேருகின்றன. தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டப்பாவில் எழுதியிருந்ததை நம்பிப் போட்டிருக்கிறான்.

வைட்டமின் ஏ ஊசியை எடைக்கு ஏற்ப டாக்டர்தான் போட வேண்டும். அளவு கூடினால் தோல் உரிந்து புண்ணாகும். மனிதர்களுக்கு வாங்கி மீந்த கண் சொட்டு மருந்தையும் ஊற்றக் கூடாது, அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

மூன்று வாரம் தருமபுரி வீட்டிலேயே தனித்தொட்டி. தண்ணீர் 28 டிகிரி, தினமும் முழுதாக மாற்ற வேண்டும். மக், வலை, துணி எல்லாம் தனி. முதலில் வீட்டு ஆமைகளுக்கு வேலை முடித்துவிட்டு, கடைசியாக நோயாளிக்கு. காலை எட்டு மணி வெயிலில் இருபது நிமிஷம், பாதித் தொட்டிக்கு நிழல். கண்ணாடி ஜன்னலுக்குள் வரும் வெயில் இதற்கு உதவாது, புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இடது கண்ணில் கீற்று தெரிகிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இரண்டு கண்ணும் திறந்துவிட்டன! தம்பிக்குப் போன் போட்டதும் வண்டியெடுத்துக்கொண்டு வந்து தொட்டியருகே ஒரு மணி நேரம் குந்தியிருந்தான். முதல் தீனி மண்புழு. நெளிவது கண்ணில் படும் என்பதால் பட்டினி கிடந்த ஆமைக்கு அதுதான் முதலில் தோதானது. தண்ணீருக்குள்தான் கொடுக்க வேண்டும், வெளியே ஸ்லைடரால் விழுங்க முடியாது.

இனிமேல் அதற்கு: தினமும் அதன் தலையளவு பெல்லட் (கடையில் கிடைக்கும் ஆமைத் தீனி உருண்டை), துருவிய மஞ்சள் பூசணி அல்லது கேரட், கொஞ்சம் கீரை. பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். வளர்ந்த ஆமைக்குப் பெல்லட் ஒருநாள் விட்டு ஒருநாள், கீரை தினமும். சுண்ணாம்புக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை. கணவாயின் ஓடுதான் அது. முதுகுப்புறத்துக் கெட்டித் தகட்டைக் கத்தியால் எடுத்துவிட்டு மிதக்க விட்டால் அதுவே கடித்துக்கொள்ளும்.

மார்ச் 16, ஞாயிறு. காவேரிப்பட்டணம்

அக்கா வீட்டுச் சிமெண்ட் தொட்டி முடிந்தது. நீளம் 6 அடி, அகலம் 3 அடி, தண்ணீர் ஒன்றரை அடி. ஏறக்குறைய 760 லிட்டர். ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கு 40 லிட்டர் என்பது எங்கள் கணக்கு. எட்டு அங்குலப் பெண் ஆமை இரண்டுக்கு இது தாராளம்.

புதுச் சிமெண்டில் உடனே ஆமையை விட்டால் சுண்ணாம்புக் காரம் தோலையும் கண்ணையும் எரிக்கும். முதல் தண்ணீரில் பி.எச். தாள் 10-ஐத் தாண்டியது. மீன் வளர்ப்பவர்கள் செய்வதுபோல வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு, ஐந்து நாள் ஊறவிட்டு, வடித்து, தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும். இப்படி மூன்று முறை. 8.5-க்கு இறங்கிய பிறகுதான் ஆமை.

வெயில் காய்வதற்குக் கிரானைட் துண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்குப் பஞ்சமில்லை. பாலிஷ் போட்ட பக்கம் மேலே இருந்தால் வழுக்கும், ஏற முடியாமல் ஆமை களைத்துப்போகும். சொரசொரப்பான பக்கம் மேலே, சரிவு குறைவாக. கறுப்புக் கல் மத்தியானத்தில் தோசைக்கல்தான், ஆகவே பாதிக் கல் கூரை நிழலில்.

ஃபில்டர் 20 லிட்டர் பெயின்ட் வாளியில். பம்பு தண்ணீரை வாளியின் அடிக்கு அனுப்பும். கீழே பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், நடுவில் ஸ்பாஞ்ச், மேலே உடைந்த நாட்டு ஓட்டுச் சில்லு. மேல்வாய் வழியே தண்ணீர் திரும்பித் தொட்டியில் விழும். மணிக்கு 2000 லிட்டர் என்று அட்டையில் போட்ட பம்பு உயரத்துக்கு ஏற்றும்போது அவ்வளவு தராது. அதை எண்ணித்தான் பெரியதாக வாங்கினோம். நாரையும் சில்லையும் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரில் குளோரின் உண்டு, கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். தொட்டியிலிருந்து வடித்த தண்ணீரிலேயே ஒரு அலசு போதும். அந்த உயிர்கள் நிலைபெற நாலிலிருந்து ஆறு வாரம். அதுவரை வாரம் இருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போர்த் தண்ணீர் பயன்படுத்தும் வீட்டில் ஓட்டின்மேல் வெள்ளை படிந்திருக்கிறது. ஓடு அழுகலோ என்று பயந்து படம் அனுப்பினார்கள். நனைத்தால் மறைகிறது, நகத்தால் அழுத்தினால் கெட்டி, வாடை இல்லை. உப்புத் தண்ணீரின் படிவுதான். பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும், சுரண்டக் கூடாது. அழுகல் என்றால் குழி விழும், மெத்தென்று அமுங்கும், நாறும்.

பாலக்கோட்டுத் தம்பி வீட்டுப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கிறார்கள். அங்கிருந்து மல்பெரி இலை ஒரு பை வந்தது. ஆமைக்கு இவ்வளவு நல்ல இலை வேறு தேட வேண்டாம். ஒன்று மட்டும்: தோட்டத்தில் கடைசியாக மருந்து அடித்தது எப்போது என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

ஏப்ரல் 20, ஞாயிறு. காவேரிப்பட்டணம்

பெரிய பெண் ஆமை மூன்று நாளாகத் தீனியைத் தொடவில்லை. சுவரை ஒட்டியே சுற்றுகிறது, பின்காலால் சிமெண்டைப் பறிக்கிறது. முட்டை. ஆண் ஆமை இல்லாவிட்டாலும் இடும். மண் கிடைக்காவிட்டால் அடக்கிவைத்து, உள்ளேயே சிக்கிச் செத்துப்போகவும் கூடும்.

மணலும் செம்மண்ணும் பாதிப் பாதி, ஓர் அடி ஆழம், பிடித்தால் பிடிபடும் ஈரம். பெரிய பிளாஸ்டிக் கூடையில் நிரப்பி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்தோம். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் குழியைப் பாதியில் விட்டுவிடும். அக்கா வீட்டில் அன்று டி.வி.கூடப் போடவில்லை. மாலைக்குள் ஏழு முட்டை. இரண்டு வாரம் ஆகியும் இடாமல் சோர்ந்திருந்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

மே 4, ஞாயிறு. அக்னி நட்சத்திரம் தொடக்கம்

தருமபுரி. பகல் ஒரு மணிக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் 44 டிகிரி! வற்றிய தொட்டியை நிரப்பப் பகலில் அந்தக் குழாயைத் திறப்பதுதான் இந்த மாதத்தின் பெரிய ஆபத்து. விடியற்காலையில் பிடித்து நிழலில் வைத்ததை மட்டும் ஊற்ற வேண்டும். தொட்டித் தண்ணீர் 32-ஐத் தாண்டினால் ஐஸ் கட்டிய பாட்டில் ஒன்றை மிதக்க விடுகிறோம். ஐஸைக் கொட்டுவதில்லை, சட்டென்ற குளிர் ஆகாது. தொட்டிக்கு மேலே நாற்றுப் பண்ணைப் பச்சை வலை முக்கால் பாகம், மீதி வெயிலுக்கு. வலை இருந்தால் காக்கையும் குரங்கும் வராது.

மின்வெட்டு நீண்டால் வாளி ஃபில்டருக்குள் காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் செத்து, தண்ணீர் கறுத்து நாறும். கரண்ட் வந்ததும் பம்பு அதை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். முதலில் வாளியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் சுவிட்ச்.

மே 18, ஞாயிறு

இந்த மாதம் மட்டும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்: "வளர்ந்துடுச்சு, கே.ஆர்.பி. அணையில விட்டுடலாமா?" கூடாது, எந்த ஏரியிலும் கூடாது. ஸ்லைடரின் ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களில் அதுவும் ஒன்று. நம் ஏரியின் பாலாமையோடு இடத்துக்கும் தீனிக்கும் போட்டி போடும், நோயையும் கொண்டுபோகும். 2022-இல் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துத்தான் காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தார்கள். அழியும் விளிம்பில் நிற்கும் லீத் மென்னோட்டு ஆமை வாழும் ஆறு காவேரி. பெண் ஸ்லைடர் ஓர் அடி வரை வளரும், முப்பது வருஷம் இருக்கும். ஐம்பது காசு அகலக் குட்டியை வாங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். வளர்க்க முடியாதவர்கள் எங்களில் ஒருவரிடம் கொடுக்கட்டும். இடம் உண்டாக்குவோம்.

கட்டை ஆமை, அதாவது நட்சத்திர ஆமை, வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடிக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி அது முதல் அட்டவணை உயிரினம். வீட்டில் வைத்திருப்பதே குற்றம், மூன்றிலிருந்து ஏழு வருஷம் சிறை. பாலாமைக்கும் இதே சட்டம்தான். தோட்டத்தில் அகப்பட்டால் வனத்துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு. பாலக்கோடு

கண் வீங்கி வந்த ஆமை வீடு திரும்பியது. எடை 178 கிராம். முந்தின நாள் தீனி இல்லை. காற்றுத் துளை போட்ட டப்பாவில் ஈரத்துண்டு, தண்ணீர் கிடையாது. பஸ் குலுங்கும்போது வாளித் தண்ணீரில் கவிழ்ந்தால் ஆமையும் மூழ்கும். காலை ஆறு மணி பஸ், வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தாயிற்று.

கிண்ணம் போய், 500 லிட்டர் டேங்கைக் குறுக்கே அறுத்த பாதி வந்திருக்கிறது. தம்பி வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருப்பதால், ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தொட்டிச் சாமான்களைச் சமையலறையில் அலசாமல் இருப்பதும் அவன் அம்மாவிடமே சொல்லப்பட்டது. ஆமை ஆரோக்கியமாக இருந்தாலும் சால்மனெல்லாக் கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவிலேயே 1975 முதல் நாலு அங்குலத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கத் தடை, காரணம் இதுதான்.

ஆடிப்பெருக்குக்குத் தருமபுரி வீட்டார் மூன்று நாள் ஒகேனக்கல் போகிறார்கள். சாவி அக்காவிடம். கீரை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், பெல்லட் நாள்வாரியாகப் பொட்டலம் கட்டியிருக்கும். அதற்கு மேல் ஒரு துளி போட வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும்.