லூவனிலிருந்து மாதாவிடம் நடந்தோம்

அம்மாவின் நேர்த்திக்கடனை நிறைவேற்றியாகிவிட்டது. மாதாவுக்குக் கோடி நன்றி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம் என்றால் காவிச் சேலை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்பவர் அம்மா. இதய ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நினைப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீ படிக்கிற ஊர்ல மாதா கோவில் இல்லையா? எனக்குப் பதிலா அங்க நடந்து போ. எல்லாம் ஒரே தாய்தான்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அம்மா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். நான் படிப்பது பெல்ஜியத்தில் லூவன் நகரத்தில். இங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் ஸ்கெர்பென்ஹெவல் என்ற ஊரின் மாதா கோவில்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் கூட நடந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்களை மாதா எனக்குத் தேடிக் கொடுத்ததுதான் முதல் புதுமை, முதல் அற்புதம்.

லூவன் பல்கலைக்கழகம் 1425 இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அனுமதி கொடுத்துத் தொடங்கியது. ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் உள்ளூர் மாணவர்கள் எல்லாரும் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே வெறிச்சோடிக் கிடக்கும். வந்த புதிதில் நான் போன ஒரு கோவிலில் டச்சு மொழியில் பூசை. பெரிய கோவில், முன் வரிசைகளில் வயதானவர்கள் கொஞ்சம் பேர். பூசை முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மனசு ரொம்பக் கனத்துப் போனது. நற்கருணை வாங்கியவர்களுக்கு நடுவிலேயே இப்படித் தனிமை இருக்க முடியுமா என்று அறைக்கு வந்து அழுதேன்.

தவக்காலத்தில்தான் அம்மாவுக்கு ஆபரேஷன். வீசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், ஊருக்குக் கிளம்ப வழியில்லை. அன்றைக்கு எனக்குப் போக்கிடம் தமியான் அடிகளாரின் கல்லறைதான். மொலோக்காய் தீவில் தொழுநோயாளர்களோடு வாழ்ந்து, அந்த நோயாலேயே 1889 இல் இறந்த அதே புனித தமியான். 1936 இல் அவர் உடலை ஹவாயிலிருந்து கொண்டுவந்து, லூவனில் புனித அந்தோனியார் சிற்றாலயத்தின் நிலவறையில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லறைக் கல்லில் கையை வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மணிகள் கையில் நகர்ந்தன, மனசு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றது.

எனக்குப் பின்னால் யாரோ முழங்கால் போட்டிருப்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கே இறையியல் படிக்கும் ஒரு கேரளத்துச் சிஸ்டர். "எந்து பற்றி, மோளே?" (என்ன ஆச்சு, மகளே?) என்று மலையாளத்தில் கேட்டார். சொன்னேன். அம்மாவின் பெயரைக் கேட்டு, கையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் அண்ணன் போன் செய்து, "நல்லபடியா முடிஞ்சுதுடா" என்று சொல்லும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் சொல்லித்தான் நாம்செஸ்ட்ராட் தெருவில் புனித குவின்டன் கோவிலில் நடக்கும் ஆங்கிலப் பூசைக்குப் போனேன். பல்கலைக்கழகப் பங்கில், அதாவது அதன் கோவில் சபையில், வெளிநாட்டுக்காரர்கள் கூடும் பூசை அது. விசுவாசிகள் மன்றாட்டு வந்தது. ஒரு நைஜீரிய மாணவர் வாசித்தார். அதில் என் அம்மாவின் பெயர்! அவருக்கு வாயில் நுழையாத பெயர். எழுத்து எழுத்தாக, அத்தனை மரியாதையோடு உச்சரித்தார். கோவில் முழுக்க "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஆங்கிலத்தில் சொன்னது. என் அம்மாவை ஒருமுறைகூடப் பார்த்திராத இத்தனை பேர் அவருக்காக வேண்டுகிறார்களே! அந்த நிமிஷம் இது என் பங்கு ஆகிவிட்டது. இன்னொரு கோவிலைத் தேடும் எண்ணமே அதற்கப்புறம் வரவில்லை.

பூசைக்குப் பிறகு காபி குடிக்கும்போது நேர்த்திக்கடன் பேச்சு வந்தது. "மே மாதம் மாதா மாதம், சேர்ந்தே போவோம்" என்று அங்கேயே நாள் குறித்துவிட்டார்கள்.

இருட்டோடு கிளம்பினோம். சிஸ்டர், மன்றாட்டு வாசித்த நைஜீரிய அண்ணன், பிலிப்பைன்ஸ் தம்பதி, உள்ளூர்ப் பாட்டி ஒருவர், இன்னும் சில மாணவர்கள். கெஸ்ஸல்-லோ தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டது. ஹாகலாந்து பகுதி முழுக்க ஏற்றமும் இறக்கமும். வழியில் சிலுவை, சின்னச் சின்ன மாதா கெபி என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பத்து மணி ஜெபமாலை, அவரவர் பாஷையில். என் குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. ஒரு பஸ் நிறுத்தத்தில் உட்கார வைத்து, பிலிப்பைன்ஸ் அக்கா என் ஈரக் காலுறையைக் கழற்றி, தன் துண்டால் காலைத் துடைத்து பிளாஸ்திரி போட்டுவிட்டார். வேண்டாம் அக்கா என்று காலை இழுத்தேன், விடவில்லை. பாதம் கழுவும் பெரிய வியாழன் பூசை கண்ணுக்குள் வந்து நின்றது.

குன்றின் மேல் மாதா கோவிலின் குவிமாடம் தூரத்திலேயே தெரிந்துவிட்டது, மேலே தங்க நட்சத்திரங்களோடு. "மரியே வாழ்க" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள்.

ஆனால் கோவில் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மே மாத ஞாயிறு, பஸ் பஸ்ஸாகக் கூட்டம். கோவிலைச் சுற்றிலும் கடைகள். மெழுகுவர்த்தியும் ஜெபமாலையும் சரி, மிட்டாயும் பொம்மையும் பலூனும் எதற்கு? உள்ளே அதைவிட மோசம். ஜெபம் செய்பவர்களின் தலைக்கு மேல் செல்போனை நீட்டிப் படம் எடுக்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் இது மாறாது போலிருக்கிறது.

இந்தக் கோவில் ஏழு பக்கம் கொண்டது. அப்போது இந்த நாட்டை ஆண்ட ஆல்பர்ட் - இசபெல்லா தம்பதி 1609 இல் கட்ட ஆரம்பித்து, 1627 இல் அபிஷேகம் ஆனது. முதலில் இங்கே ஓர் ஓக் மரமும் அதில் ஒரு மாதா சொரூபமும்தான். கீழே விழுந்து கிடந்த சொரூபத்தை வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்த ஆட்டிடையச் சிறுவன், நின்ற இடத்தை விட்டு நகர முடியாமல் போனான். அதை மறுபடி மரத்தில் வைத்த பிறகுதான் கால் எழும்பியது. வேளாங்கண்ணியில் கால் ஊனமான நம் மோர்க்காரப் பையனை எழுந்து நடக்க வைத்த தாய், இங்கே ஒரு பையனை நிற்க வைத்திருக்கிறார். அந்த மரம் நின்ற இடத்தில்தான் இன்று பீடம் இருக்கிறது. இந்த மாதாவின் புதுமைகளை 1605 இல் லத்தீனில் எழுதியவர் யுஸ்டஸ் லிப்சியஸ், எங்கள் லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அதைத் தெரிந்துகொண்டபோது ரொம்பப் பெருமையாக இருந்தது.

பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். மாதா அத்தனை சின்ன உருவம்! கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையில் தூக்கிவிடலாம். இவ்வளவு சின்னத் தாயிடமா இவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வைத்தோம் என்று தொண்டை அடைத்துக்கொண்டது. வழியெல்லாம் சேர்த்து வைத்த வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. போனை எடுத்து வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, "என்னைத் திருப்பாதே, மாதாவைக் காட்டு" என்றார். காட்டினேன். அம்மா அங்கிருந்து "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற" என்று ஆரம்பித்துவிட்டார். பின்னால் நெரிசல். யாரோ சலித்துக்கொண்டு முழங்கையால் இடித்தார்கள். சிஸ்டரும் நைஜீரிய அண்ணனும் என் இரண்டு பக்கமும் வந்து, கூட்டத்தைத் தங்கள் முதுகில் தாங்கிக்கொண்டு நின்றார்கள். அம்மா ஜெபத்தை முடித்து ஆமென் சொல்கிறவரை நகரவில்லை.

"பக்கத்துல யாரும்மா?" என்று கேட்டார் அம்மா.

"நம்ம பங்குக்காரங்கம்மா."

"பெரிய மெழுகுவத்தியா ஏத்து. அவங்களுக்கும் சேர்த்து ஏத்து."

ஏற்றினேன். அம்மா உயிரோடு இருக்கிறார், வீட்டுக்குள் நடக்கிறார், நேற்று குரலில் பழைய அதட்டல்கூட வந்துவிட்டது. தாயே, இதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? டாக்டருக்காக நன்றி, சிஸ்டரின் அந்தச் சின்ன நோட்டுக்காக நன்றி, என் காலைத் துடைத்த கைகளுக்காக நன்றி. தமியான் அடிகளாரே, உமக்கும் நன்றி.

லூவனுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அறையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். குவின்டன் கோவிலுக்கு வாருங்கள். மாதாவிடம் நடக்க ஆசை இருந்தால் மே மாதம் சேர்ந்து கிளம்பலாம். மழைக்கோட்டும் மாற்றுக் காலுறையும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வேண்டாம் என்றால் வார நாளில் போவது நல்லது. உங்கள் வேண்டுதலில் என் அம்மாவையும் ஒரு வார்த்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரியே வாழ்க!