ஃபார்மலின் பெட்டிக்குப் பேட்டன்ட் வாங்கிய கதை

பேட்டன்ட் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். ஐ.என்./பி.ஏ. என்று தொடங்கும். பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. எங்களிடம் வந்த கன்சல்டன்ட் அந்தக் கேள்விக்கு, "நம்பரெல்லாம் சென்னை ஆபீஸ்ல இருக்கு மேடம், நீங்க அட்வான்ஸ் மட்டும் போட்டு விடுங்க" என்றார். கல்லூரி நிர்வாகமே பேசி முடித்து அனுப்பிய ஆள். வேலைக்கு இருக்கிற இடத்தில் எவ்வளவு எதிர்த்துப் பேச முடியும்?

நான் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். தம்பி புதுச்சேரியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். நாங்கள் செய்தது, கெட்டுப்போகாமல் இருக்க மீனில் கலக்கும் ஃபார்மலின் எவ்வளவு என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டி. 2018இல் கேரளத்தில் நடந்த சோதனைகளுக்குப் பிறகு எங்கள் தெருவில் மீனை முகர்ந்து பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. சோதனைத் தாள் புதிதல்ல. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அப்போதே ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் கடல் மீன் செத்த பிறகு அதன் உடம்பிலேயே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு (ஃபார்மலினில் இருப்பது இதுதான்) தானாக உண்டாகும். அதனால் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

அசெட்டைல் அசிட்டோன் கலந்த மருந்து ஃபார்மால்டிஹைடு பட்டால் மஞ்சளாகும். நாஷ் என்பவர் 1953இல் சொன்ன முறை. அந்த மஞ்சளின் அழுத்தத்தைக் கைப்பேசிக் கேமராவால் அளக்கப் பார்த்தோம். ஈரத் தாள் விளக்கொளியில் பளபளத்தது. பளபளப்பு விழுந்த இடத்தில் மஞ்சளே தெரியவில்லை. காயட்டும் என்று வைத்தால் நேரம் ஆக ஆக நிறம் ஏறிக்கொண்டே போனது. பளபளப்புத் தாளில் அச்சான பழைய படங்களை நகல் எடுக்கும் வழியைத் தம்பி சொன்னான். விளக்குக்கு முன்னால் ஒரு போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்சுக்கு முன்னால் அதற்குக் குறுக்காக இன்னொன்று. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் பளபளப்பு இரண்டாவது தாளோடு நின்றுவிடும். தாளுக்குள் புகுந்து சிதறி வரும் மஞ்சள் மட்டும் கேமராவுக்குள் போகும். ஈரத்தோடேயே, சொன்ன நிமிடத்தில் அளந்துவிடலாம்.

ஒளியியல் ஒரு பங்கு, படம் ஒரு பங்கு, வேதியியல் ஒரு பங்கு. மூன்றும் ஒரே விண்ணப்பத்தில். தலைவலி முழுக்க இதில்தான் முளைத்தது.

கன்சல்டன்ட் முதலில் விட்ட சரடு: "தம்பி அட்ரஸ் புதுச்சேரி, அது யூனியன் பிரதேசம், டெல்லிக்குப் போகணும், அதுக்குத் தனி சார்ஜ்." பொய். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் கிண்டியில் இருக்கும் சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். அடுத்தது, விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிக்கக் கேட்பதற்கு நாலு வருஷம் இருக்கிறதாம். 2024 மார்ச்சில் விதி மாறிவிட்டது. 48 மாதம் 31 மாதமாகக் குறைந்துவிட்டது. அந்தக் கெடு தாண்டினால் விண்ணப்பத்தை நாமே திரும்பப் பெற்றதாகக் கொண்டுவிடுவார்கள். மூன்றாவது, கையெழுத்துப் போட்ட அசல் தாள்களை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தே ஆக வேண்டும் என்று என்னைக் கிண்டிக்கு அனுப்பினார். லீவு போட்டு, விடியற்காலைப் பஸ் பிடித்துப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டு, "இதை வீட்ல இருந்தே ஏத்தலாமே மேடம்" என்றார். விண்ணப்பக் கட்டணம் தனிநபருக்கு இணையத்தில் 1600 ரூபாய், காகிதமாகக் கொடுத்தால் 1750 என்பதையும் அவரே சொன்னார். கன்சல்டன்ட் அந்தக் கட்டணத்துக்கு என்று எங்களிடம் வாங்கிய தொகையை இங்கே எழுத மனசு வரவில்லை.

முழு விவரக்குறிப்புக்கு முன்னால் போடும் தற்காலிக விவரக்குறிப்பு என்று அவர் போட்டது இரண்டே பக்கம். "இது சும்மா இடம் பிடிச்சு வைக்கிறதுதான் மேடம், எல்லாத்தையும் அப்புறம் எழுதிக்கலாம்." துண்டு போட்டு பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி நினைத்துவிட்டார். தற்காலிகக் குறிப்பில் எழுதியதற்கு மட்டும்தான் அதைத் தாக்கல் செய்த தேதி கிடைக்கும். யார் முந்தி என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும். எங்கள் உயிர்நாடியான குறுக்குப் போலரைசர் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யும் நாள்தான் அதற்குத் தேதி.

அதற்குள் கல்லூரி விழா வந்தது. பெட்டியை மேடையில் வைத்து, வீடியோ எடுத்து யூடியூபில் போடப் போவதாக அறிவிப்பு. விழாவில் காட்டிவிட்டு அப்புறம் தாக்கல் செய்தால் நம் வீடியோவே நமக்கு எதிரி. சட்டத்தில் கண்காட்சிக்கு ஒரு சலுகை உண்டு, பிரிவு 31. அரசு அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான் அது, கல்லூரி விழாவுக்கு இல்லை. அதனால் விழாவுக்கு முன்பே முழு விவரக்குறிப்பு போயாக வேண்டும். கன்சல்டன்ட்டோ "நாளைக்கு, நாளன்னைக்கு" என்று இழுத்தார்.

இதற்கு நடுவில் கல்லூரிப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். கண்டுபிடிப்பாளர் பட்டியலில் தன் பெயர் முதலில் வர வேண்டுமாம். "ஏம்மா, உன் பேரு ரெண்டாவதா இருந்தா என்ன குறைஞ்சிடப் போகுது?" உயர்கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசையில் பேட்டன்ட்டுக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் இப்போது இது ஒரு வியாபாரம். முதல் பெயருக்கு இவ்வளவு, நாலாவது பெயருக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப்பிலேயே விலைப்பட்டியல் வருகிறது. நான் படிவம் 5ஐ அச்செடுத்து அவர் மேசையில் வைத்தேன். உண்மையான கண்டுபிடிப்பாளர் யார் என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் அறிவிப்பு அது. "சார், போலரைசரை எத்தனை டிகிரி திருப்பணும்னு நாளைக்கு பேட்டன்ட் ஆபீஸ் ஹியரிங்ல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. வேலையும் போகவில்லை, சம்பள உயர்வும் வரவில்லை.

கடைசியில் கன்சல்டன்ட் அனுப்பிய முழு விவரக்குறிப்பு வரைவைப் பார்த்துத் தம்பி சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. இன்னது எங்களுடையது என்று உரிமை கேட்கும் பத்திகளைக் கிளெய்ம் என்பார்கள். ஆறாவது கிளெய்மில் "மேற்படி நீர் மோட்டார்" என்று இருந்தது. வேறு யாருடைய விண்ணப்பத்தையோ வெட்டி ஒட்டியிருக்கிறார். முதல் கிளெய்மில் எங்கள் மருந்துப் பையைப் போட்டிருந்தார்: அழுத்தினால் உடைந்து தாளில் பரவும் சின்னப் பை. தம்பி அதைப் படித்ததும், "அக்கா, இது போலராய்டு பிலிம்ல இருக்கிற பைதானே?" என்றான். ஸ்டுடியோக்காரன். உடனடி பாஸ்போர்ட் படம் எடுக்கும் போலராய்டு கேமராவில் எத்தனை படத்தைப் பிரித்து எடுத்திருப்பான்!

அன்று ராத்திரி கூகுள் பேட்டன்ட்ஸில் போலராய்டை நிறுவிய எட்வின் லேண்டைத் தேடி உட்கார்ந்தோம். அந்த மனுஷர் பெயரில் 500க்கும் மேற்பட்ட அமெரிக்கக் காப்புரிமைகள். போலரைசர் தாளுக்கு 1929இல் விண்ணப்பித்து 1933இல் வாங்கியிருக்கிறார். (அதில் அவர் பயன்படுத்திய படிகத்தை 1852இல் கண்டவர் ஹெராபாத் என்கிற பிரிஸ்டல் மருத்துவர். கொய்னா கொடுத்த நாயின் சிறுநீரில் அவருடைய மாணவர் அயோடின் விட, பச்சைப் படிகம் மின்னியதாம். எங்கள் ஆய்வகத்தில் யாராவது இப்படிச் செய்தால் மெமோதான்.) உடையும் மருந்துப் பைக்கான காப்புரிமை 1951. காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆனது. யாரும் பயன்படுத்தலாம், யாரும் தன்னுடையது என்று கேட்க முடியாது. முதல் கிளெய்மிலிருந்து பையைத் தூக்கி எறிந்தோம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. லேண்ட் எதையும் ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. தாள் தனி, பை தனி, கேமரா தனி. 1976இல் கோடாக் மீது போலராய்டு போட்ட வழக்கில் நீதிமன்றம் காப்புரிமை காப்புரிமையாக எடுத்துப் பார்த்து, 1985இல் ஏழு மீறப்பட்டதாகச் சொன்னது. கோடாக் உடனடிக் கேமரா வியாபாரத்தையே மூட வேண்டியதாயிற்று, 1991இல் 92.5 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்தது. எல்லாம் ஒரே கிளெய்மில் பின்னிக் கிடந்திருந்தால் ஒரு நூலை உருவினாலே முழுதும் அவிழ்ந்திருக்கும். எங்கள் பத்து கிளெய்மையும் அன்றைக்கே மாற்றி எழுதினோம். பத்துக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 320 ரூபாய், முப்பது பக்கத்துக்கு மேல் பக்கத்துக்கு 160. அதற்குள் அடக்கப் பாருங்கள், அடங்கும்.

வரைபடம் தம்பியின் வேலை. புகைப்படம் ஒட்டலாம் என்று ஆசைப்பட்டான். கோட்டு ஓவியம்தான் வேண்டும். மேலேயும் இடப்பக்கமும் 4 செ.மீ., கீழேயும் வலப்பக்கமும் 3 செ.மீ. விளிம்பு. இடது மேல் மூலையில் பெயர், வலது மேலே தாள் எண், வலது கீழே கையெழுத்து. படத்துக்குள் விளக்கம் எழுதக் கூடாது, எண் மட்டும். கறுப்பு மைப் பேனாவில் போலரைசரின் அச்சைக் காட்டும் சின்ன அம்புக்குறிகளை அவன் போட்ட அழகை நான் மட்டும்தான் ரசித்தேன் என்று நினைக்கிறேன்.

கன்சல்டன்ட்டுக்குக் கொடுத்திருந்த அதிகாரத்தை ரத்து செய்து, தொடர்பு முகவரியையும் மின்னஞ்சலையும் எங்களுடையதாக மாற்றினோம். இதை மறக்காதீர்கள். அலுவலகக் கடிதங்கள் பழைய ஆளின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருக்கும், கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். நாமே இணையத்தில் ஏற்ற மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அங்கே என் இனிஷியல் குறுக்கே வந்தது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கிறது. அந்தக் கையெழுத்து இருக்கும் யு.எஸ்.பி. டோக்கனை விற்பவர், "ரெண்டு பேரும் வேற வேற ஆள் மாதிரி இருக்கு மேடம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். விழாவுக்கு நாள் நெருங்குகிறது. அப்போதுதான் தம்பிக்கு ஞாபகம் வந்தது: தேர்தல் வீடியோ எடுக்கும் டெண்டருக்காக அவன் வாங்கிய டோக்கன் மேசை டிராயரில் கிடந்தது. உயிரோடும் இருந்தது. விழாவுக்கு முன்தினம் இரவு முழு விவரக்குறிப்பு ஏறியது.

விண்ணப்பதாரர்கள் எல்லோரும் தனிநபர்களாக, அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். படிவம் 18ஏ, தனிநபருக்கு 8000 ரூபாய். கூடவே முன்கூட்டி வெளியிடப் படிவம் 9க்கு 2500. கன்சல்டன்ட் இதை மூச்சே விடவில்லை. கட்டினோம், காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியானது, எஃப்.இ.ஆர். என்கிற முதல் பரிசோதனை அறிக்கையும் வந்தது.

அறிக்கையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. வாயில் நுழையாத பிரிவுகளாக இருந்தன. நிதானமாகப் படித்தால் எல்லாமே நியாயமான கேள்விகள். பிரிவு 10(5): மருந்துக் கலவை, ஒளிப்பெட்டி, கணக்கிடும் முறை மூன்றையும் ஒரே கண்டுபிடிப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அடுத்து பிரிவு 3, பேட்டன்ட் கொடுக்க முடியாதவற்றின் பட்டியல். 3(இ): மருந்து வெறும் கலவைதானே? பிரிவு 3(கே): நிறத்தைக் கணக்கிடுவது கணினி நிரல்தானே? கடைசியாக, சோதனைத் தாளும் தெரிந்தது, போலரைசரும் தெரிந்தது, சேர்த்து வைத்ததில் என்ன புதுமை? பதில் சொல்ல ஆறு மாதம்.

பதிலின் முதுகெலும்பு ஒன்றே: ஈரத்தோடு அளப்பது. காயக் காத்திருந்தால் நிறம் ஏறிவிடும், காத்திருக்காவிட்டால் பளபளப்பு மறைத்துவிடும். இந்தக் கட்டை அவிழ்ப்பதற்காகத்தான் போலரைசர் பெட்டிக்குள் வந்தது. காட்டப்பட்ட பழைய ஆவணங்கள் எதிலும் இந்தச் சிக்கலே பேசப்படவில்லை. போலரைசர் இருந்தும் இல்லாமலும், ஈரத்திலும் காய்ந்தும் எடுத்த அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தோம். கணக்கிடும் முறையைத் தனியாகக் கேட்பதை விட்டுவிட்டு, விளக்கு, இரண்டு தாள், ஒப்பீட்டு நிறக் கட்டங்கள் ஆகியவற்றோடு கட்டிப் பெட்டியின் பகுதியாக்கினோம். மருந்தை மட்டும் பிரித்து, பிரிவு 16இன் கீழ் தனி விண்ணப்பமாகப் போட்டோம். முதல் விண்ணப்பத்துக்குப் பேட்டன்ட் கிடைப்பதற்கு முன்பே இதைப் போட்டுவிட வேண்டும். கட்டணம் திரும்ப முதலிலிருந்து.

ஹியரிங் காணொலியில்தான். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கடலூர் வழக்கப்படி கரன்ட் போனது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டும் தம்பியின் கல்யாண வேலைக்கான பேட்டரி விளக்கும் காப்பாற்றின. அதிகாரி போலரைசர் கோணத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். தம்பி பெட்டியையே கேமரா முன் தூக்கி, மேல் தாளைத் திருப்பி, பளபளப்பு வருவதையும் போவதையும் காட்டினான். முடிந்த 15 நாளுக்குள் எழுத்து வடிவ வாதம் அனுப்ப வேண்டும், மறுநாளே அனுப்பினோம்.

பெட்டிக்குப் பேட்டன்ட் வந்துவிட்டது. சான்றிதழ் பி.டி.எஃப். ஆக வருகிறது, பெரியவர் அலுவலகத்திலிருந்து ஒரு நகல் கேட்டுப் போன் வந்தது, இன்னும் அனுப்பவில்லை. மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு, தனிநபருக்கு ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800. பேட்டன்ட் கொடுக்கத் தாமதமாகியிருந்தால் சேர்ந்துபோன ஆண்டுகளின் கட்டணத்தையும் பதிவேட்டில் ஏறிய மூன்று மாதத்துக்குள் கட்டிவிடுங்கள். மருந்துக்கான பிரிவு விண்ணப்பம் இன்னும் நடக்கிறது. 3(இ)க்காகத் தனித்தனி மருந்தையும் கலவையையும் ஒப்பிட்டு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன்.