ஞாயிற்றுக்கிழமையும் ஊறுகாய்ப் பாட்டில்களும்

ஜெர்மனியின் ஹாலே நகருக்கு வந்து குடியேறிய மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், ஊரிலிருந்து கொண்டுவந்து தீர்ந்துபோன ஊறுகாய்ப் பாட்டில்களைப் பையில் அள்ளிக்கொண்டு, தெருமுனையில் கண்ணாடிக்கென்று வைத்திருக்கும் தொட்டியில் போடச் சென்றேன். இரண்டாவது பாட்டில் உடைந்த ஓசை அடங்குமுன் எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் திறந்தது. “போதகரே, இன்று ஞாயிறு!” என்றார் அங்கே குடியிருக்கும் மூதாட்டி. அவர் ஞானஸ்நானம் பெறாதவர். ஆலயத்திற்குள் போனதெல்லாம் இசைக் கச்சேரி கேட்பதற்காகவே என்று பின்னர் அவரே சொன்னார். இசைமேதை ஹாண்டல் பிறந்த ஊரில் அதற்குக் குறைவில்லை.

லூதரின் ஞானோபதேச வரிசைப்படி பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றியது மூன்றாவது. அதைப் பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆயினும் எங்கள் தரங்கம்பாடியில் ஞாயிறன்றுதான் மீன் வியாபாரம் சூடுபிடிக்கும். ஆலய வாசலில் ஒலிபெருக்கி கட்டி அந்நாளை ஆசரிப்பவர்கள் நாங்கள். இங்கோ ஞாயிறு வேலை ஓய்வுக்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாள் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட விதியை, 1949இல் இயற்றிய இன்றைய அடிப்படைச் சட்டமும் தன்னுள் ஏற்று வைத்திருக்கிறது. விசுவாசம் குறைந்துபோன நாட்டில் அதன் ஒழுங்கு மட்டும் எப்படி நிலைத்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்று மீதிப் பாட்டில்களோடு திரும்பி நடந்தபோது வெட்கமாகத்தான் இருந்தது.

குடியிருப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் சமயத்துக்கு ஒரு கட்டம் உண்டு. நான் பெருமையோடு அதை நிரப்பினேன். வருமான வரியில் நூற்றுக்கு 9 என்ற கணக்கில் அரசே திருச்சபை வரியைப் பிடித்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரியவந்தது. சந்தா பாக்கிக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய கால்களுக்கு இது ஓய்வுதான் என்று மனைவி சிரித்தாள்.

என்னை உண்மையில் உலுக்கியது மொழி. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபின், இருபத்துநான்கு வயதில் எங்கள் ஊர்ச் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். ஞாயிறு பள்ளியில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய தாழ்மையைப் புகழ்ந்தேனே தவிர, அவருக்கு அது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது நாற்பத்தாறு வயதில், சிரியாவிலிருந்து வந்த இளைஞர்களுக்கு நடுவில் அமர்ந்து, மேசை ஆண்பாலா பெண்பாலா என்று தடுமாறும்போது எண்ணுகிறேன். அவர் அடக்கமாகியிருக்கும் புதிய எருசலேம் ஆலயத்தில் நின்று தடையின்றிப் பேசிய நாவு, இங்கே ரொட்டிக் கடையில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிற்கிறது.

மொழி வகுப்புக்குப் போகும் வழியில் பிராங்கே நிறுவனங்களின் பழைய அனாதை இல்லக் கட்டடம் இருக்கிறது. 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அனுப்பியது இந்த ஹாலேதான். அந்தக் கட்டடத்தின் முகப்பில், சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகளுக்குக் கீழே, கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்னும் ஏசாயா 40:31 எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு மனப்பாடமான வசனம் என்பதால் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடலாம் என்று நின்றேன். ‘காத்திருக்கிறவர்கள்’ என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில் ‘ஹாரன்’ என்ற வினைச்சொல் நின்றது. வகுப்பில் கேட்டேன். அது பழஞ்சொல், இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை, பேருந்துக்குக் காத்திருப்பதற்கு வேறு சொல் இருக்கிறது என்றார் ஆசிரியை. தமிழிலோ கர்த்தருக்குக் காத்திருப்பதற்கும் ரேஷன் கடையில் காத்திருப்பதற்கும் ஒரே சொல்தான். விசா நீட்டிப்புக்காக அலுவலகத்தின் நீண்ட நடைக்கூடத்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்த நாளில் அந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். எளிய சொல்லே வசனத்துக்குப் பொருந்துகிறது என்று எனக்குப் பட்டது. தாய்மொழிப் பாசமாகவும் இருக்கலாம்.

சென்ற சனிக்கிழமை மாலை அழைப்பு மணி ஒலித்தது. கூடை நிறையப் பாட்டில்களோடு அந்த மூதாட்டி நின்றிருந்தார். நாளை ஞாயிறு, இப்போதே போட்டுவிடலாம், வாருங்கள் என்றார். நடந்துகொண்டே ‘ஹாரன்’ பற்றிக் கேட்டேன். கிழக்கு ஜெர்மனிக் காலத்துப் பள்ளியில் தமக்கு வேதாகமம் சொல்லித்தரப்படவில்லை என்று கூறி, அதன் பொருளை என்னிடமே கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். கவனமாகக் கேட்டவர், நான் கழுகைப் பெண்பாலாக்கிவிட்டதை மட்டும் திருத்திவிட்டு, பச்சைப் பாட்டில்களையும் வெள்ளைப் பாட்டில்களையும் வெவ்வேறு துளைகளில் போடச் சொல்லிக் கூடையை என் கையில் கொடுத்தார்.