பத்திரத்துக்கு ஒரு கிலோ

தேயிலைத் தோட்டத்தில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். விடியற்காலை பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், பேர் போட வேண்டும். மூன்று வேளை கொழுந்து நிறுக்க வேண்டும். சாயங்காலம் அதையெல்லாம் செக்ரோல் என்ற சம்பளப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். 1988-இல் பந்தலூர்ப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். 34 வருஷம் அதே தோட்டம், அதே மேசை. 'பெரட்டு' என்ற சொல் கப்பலேறி வந்தது. 1964-இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சொல். எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

ஆடி மழையில் அந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே மழை பெய்வதில்லை, நிற்கிறது. கால் விரலிடுக்கில் அட்டை. பெண்கள் இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் நிற்பார்கள். சில்வர் ஓக் மரக்கிளையில் ஸ்பிரிங் தராசு தொங்கும். சாக்கை மாட்டியதும் முள் எகிறி, ஆடி, 15-இல் நிற்கும். நான் "பன்னெண்டு" என்பேன்.

ஏன் பன்னெண்டு? சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. அது தோட்டத்து வழக்கம், எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு மேலும் ஒரு கிலோ போகும், அது என் கணக்கு. காட்டில் நிறுத்த கொழுந்து லாரியேறி ஃபேக்டரிக்குப் போவதற்குள் தண்ணீர் வடியும், இலை வாடும், எடை குறையும். மாசக் கடைசியில் காட்டு எடையையும் ஃபேக்டரி எடையையும் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். குறைந்தால் துரை, அதாவது தோட்ட மேனேஜர், கூப்பிடுவது ரைட்டரைத்தான். ஆகவே பத்திரத்துக்கு ஒரு கிலோ. என் சட்டைப்பைக்கு ஒரு பைசா வந்ததில்லை. அதனால் அது திருட்டு என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. பறித்தவளுக்கோ அடிப்படை எடைக்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு.

1994 ஆகஸ்டில் ஒரு நாள் சாக்கைக் கொட்டும்போது உள்ளிருந்து ஒரு கல் விழுந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும், ஓடையில் கிடக்கிற வழவழப்பான கல். சாக்குக்காரி பதுளைக்காரம்மா. இலங்கையின் பதுளையிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பெயர். அப்போது அவருக்கு 45 வயது இருக்கும், எனக்கு 30. சட்டப்படி அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, வெட்டி மெமோ கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. கல்லை எடுத்து மேசைமேல் வைத்தேன், 42 பெண்களும் பார்க்கும்படி. "ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கே, பாவம்னு விடுறேன், போ" என்றேன். வயதில் எவ்வளவு மூத்தவர் என்றாலும் எங்கள் வாயில் 'நீ'தான் வரும், அந்தக் காலத்து ரைட்டர் பேச்சு அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

அன்று ராத்திரி வீட்டில் இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு இதம் இருந்தது. மெமோ எழுதாத கை அல்லவா. அந்தக் கல் வெகுநாள் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவியது. அதைக்கூட நான் அப்புறப்படுத்தவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

அடுத்த வருஷம் சம்பளத்துக்கு முந்தின நாள், ஆபீஸ் பின்கதவில் யாரோ நின்றார்கள். பதுளைக்காரம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் லயத்து வீட்டில், தோட்டத்து வரிசை வீட்டில், கதவின் உள்பக்கம் கரியால் கோடு போட்டு எடை வைத்திருப்பார். "ரைட்டரய்யா, எங் கணக்குல பதினோரு கிலோ கூட விழுந்திருக்கு. துரை பாக்குறதுக்கு முந்தி சரி பண்ணிக்கங்க. ஒங்களுக்குத்தான் ஏச்சு விழும்." சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு போய்விட்டார். திருப்பிப் பார்த்தேன். பக்கத்துப் பேருக்குரிய எடையை அவர் வரியில் ஏற்றியிருந்தேன். சம்பளம் போன பிறகு தெரிந்திருந்தால் என் வேலைக்கே ஆபத்து.

நான் பொறுத்தது தராசடியில், 42 பேர் முன்னால். அவர் பொறுத்தது பின்கதவில், ஆள் பார்த்துக்கொண்டு. வித்தியாசம் தைத்தது. ஆனாலும் பத்திரக் கிலோவை நிறுத்தினேனா? இல்லை. மின்தராசு வந்த 2004 வரை அது நடந்தது.

இந்தப் பழைய கதையைக் கிளப்பியது 2015 டிசம்பர் 8-ஆம் தேதி. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து 50 வருஷம் நிறைந்த அந்த நாளில் திருத்தந்தை பிரான்சிஸ் இரக்கத்தின் யூபிலி ஆண்டைத் தொடங்கிவைத்தார். அதற்கு ஒன்பது நாள் முன்பே, நவம்பர் 29-ஆம் தேதி, உள்நாட்டுச் சண்டையில் கிடந்த மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரத்துப் பேராலயத்தில் ஒரு புனிதக் கதவைத் திறந்திருந்தார். ரோமையில் திறப்பதற்கு முன் அங்கே. எங்கள் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, அன்பியம் என்கிற அக்கம்பக்கத்து ஜெபக் கூட்டத்தில் வாரம் கால் மணி நேரம் இரக்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். "படிக்கிற ஆள் நீங்கதான்" என்று ஒரு பை நிறைய ஏடுகளைக் கொடுத்தார். தோட்டத்தில் ரைட்டர் என்றால் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

ராத்திரி செக்ரோலை மூடிவிட்டு அவற்றை விரிப்பேன். 1962 அக்டோபர் 11-இல் சங்கத்தைத் திறந்த திருத்தந்தை 23-ஆம் யோவான், திருச்சபை இனிக் கண்டிப்பு என்ற ஆயுதத்தைவிட இரக்கம் என்ற மருந்தையே விரும்புகிறது என்று பேசியிருக்கிறார். இதைப் படித்தபோது ஒத்துக்கொண்டு தலையாட்டினேன், தாண்டிப் போனேன். நல்ல வாக்கியங்களுக்கு நாம் செய்வது அதுதானே.

மாட்டிக்கொண்டது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலிடம். 1980 நவம்பர் 30 தேதியிட்ட அவருடைய இரண்டாவது சுற்றுமடல் (திருச்சபை முழுவதற்கும் எழுதும் கடிதம்), 'தீவெஸ் இன் மிசெரிகோர்தியா'. பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டு வீடு திரும்பும் ஊதாரிப் பிள்ளை உவமையை அவர் பிரிக்கிற விதம் ஒரு சம்பளக் குமாஸ்தாவுக்காகவே எழுதினது போல இருந்தது. பையன் என்ன கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறான்? மகனாக இருக்கும் தகுதி போய்விட்டது, கூலியாளாகவாவது பேர் விழட்டும். அப்பா அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. இழந்தது சொத்து மட்டும் அல்ல, மகன் என்ற மாண்பு. அதை மீட்டுக் கொடுக்கத்தான் ஓடி வருகிறார். இதையொட்டி பாப்பரசர் ஒன்று சொல்கிறார்: இரக்கம் என்றாலே கொடுக்கிறவன் மேலே, வாங்குகிறவன் கீழே என்று நினைக்கிறோம், அதனால் இரக்கம் மனிதனைச் சிறுமைப்படுத்துகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உவமையில் நடப்பது அப்படி இல்லை. அந்தப் பக்கத்தில் என் பென்சில் நின்றது. மேசையில் கல் இல்லை, எப்போதோ எங்கேயோ போய்விட்டது. ஆனால் அது இருந்த இடத்தைப் பார்த்தேன்.

அதே மடலின் ஒரு நீண்ட அடிக்குறிப்பில் எபிரேயச் சொற்களைப் பற்றி எழுதுகிறார். 'ஹெசெத்' என்பது சொன்ன சொல் தவறாத பற்று. 'ரஹமிம்' வேறு. அதன் வேர் கருப்பை. தாய்க்குப் பிள்ளைமேல் வரும் இரக்கம், சம்பாதிக்கவும் முடியாதது, தடுக்கவும் முடியாதது. அன்பியத்தில் இதை விளக்கத் திணறியபோது ஒரு பாட்டி, "பெத்த வயிறு பத்தி எரியுதுன்னு சொல்றோமே, அதானே?" என்றார். அதேதான். பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டேன், அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பின்னால் வருகிற பகுதி இன்னும் கடுமை. இரக்கச் செயலை ஒருவழிப் பாதையாக, நாம் பிறருக்குச் செய்யும் நன்மையாக மட்டும் நினைப்பதைச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டுமாம். எவருக்கு இரங்குகிறோமோ அவரிடமிருந்து அதே நேரத்தில் நாமும் இரக்கம் பெறுகிறோம் என்ற உணர்வு இருந்தால்தான் அது இரக்கம். அப்படியானால் 1994-இல் நான் செய்தது என்ன? மெமோ எழுதாதது மட்டும்தான். 2005-இல் எழுதிய முதல் சுற்றுமடலில் அவருக்கு அடுத்த திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட்டும் இதன் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்: கொடை பிறரைத் தாழ்த்தாமல் இருக்க வேண்டுமென்றால் பொருளோடு என்னையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிரான்சிஸ் இதையே தெருவுக்கு இறக்கிவிட்டார். பிச்சை போடும்போது வாங்குகிறவர் கண்ணைப் பார்க்கிறாயா, கையைத் தொடுகிறாயா, அல்லது காசை வீசுகிறாயா என்று கேட்டார். மூன்று பேரும் மூன்று விதமான ஆட்கள். ஒருவர் போலந்துக்காரர், ஒருவர் ஜெர்மானியப் பேராசிரியர், ஒருவர் புவனோஸ் ஐரெஸ் சேரிகளில் நடந்தவர். எனக்கு அகப்பட்ட இடம் மூன்றிலும் ஒன்றுதான்.

பிரான்சிஸின் விருதுவாக்கு, பழைய காலத்து ஆங்கிலத் துறவி புனித பேதா, இயேசுவின் சீடரான மத்தேயுவின் அழைப்பைப் பற்றிச் சொன்னதிலிருந்து எடுத்தது: இரங்கினார், தேர்ந்துகொண்டார். 1953-இல் 16 வயதுப் பையனாக பிரான்சிஸ் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட, போய் அழைத்தலை உணர்ந்ததும் மத்தேயு திருநாளில்தான், செப்டம்பர் 21. மத்தேயு யார்? சுங்கச்சாவடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவர். எங்கள் சாதி.

2016 மார்ச்சில், தவக்காலத்தில், 'ஆண்டவருக்காக 24 மணி நேரம்' என்று கோயிலைத் திறந்து வைத்திருந்தார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டி சித்திரவதைக் கூடமாக இருக்கக்கூடாது என்று பிரான்சிஸ் 2013-லேயே எழுதியிருக்கிறார், அந்தத் தைரியத்தில் போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த இளம் சாமியார், முப்பதுகூட இருக்காது. கல்லைச் சொன்னேன், பின்கதவைச் சொன்னேன், பத்திரக் கிலோவைச் சொன்னேன். "தம் பிள்ளைகளை மன்னிக்கக் கடவுள் சலிப்பதில்லை" என்று ஏதாவது ஆறுதலாக வரும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டார்: "எத்தனை கிலோ?"

"சாமி?"

"ஒரு ஆளுக்கு மொத்தம் எத்தனை கிலோ வரும்? ரைட்டர்தானே நீங்க, போட்டுப் பாருங்க."

கோபம் வந்தது, ஒளிக்கவில்லை. யூபிலி ஆண்டில் தள்ளுபடி கிடைக்கும் என்று போனவனிடம் அசல் கேட்டால்? வீட்டுக்கு வந்து இரண்டாம் யோவான் பவுலின் மடலை மறுபடி புரட்டினேன். நற்செய்தியில் எங்கேயும் மன்னிப்பு என்பது தீமையைக் கண்டுகொள்ளாமல் விடுவது இல்லை, செய்த கேட்டுக்கு ஈடு செய்வதும் மன்னிப்போடு சேர்ந்தது என்று நான் வேகமாகத் தாண்டிப் போன பக்கத்திலேயே இருந்தது. யூபிலியை அறிவித்த ஆணையிலும் நீதியும் இரக்கமும் ஒன்றுக்கொன்று எதிரல்ல, ஒரே உண்மையின் இரண்டு பரிமாணங்கள் என்று பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். சாமியார் சரியாகத்தான் படித்திருந்தார்.

போட்டேன். வேளைக்கு ஒன்று, நாளைக்கு 3 கிலோ. மாதம் 20 மழை நாள், வருஷம் 4 மாதம், 16 வருஷம். 3,840 கிலோ. கிலோவுக்குச் சராசரி 50 பைசா வைத்தால் 1,920 ரூபாய். இது ஒரு ஆளுக்கு. 42 பேருக்கு 80,640. நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவர் சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. சாமியார் மடங்கு எதையும் கேட்கவில்லை என்பதற்காக நன்றி சொன்னேன். 42 பேரில் பாதிப்பேர் பிள்ளைகளோடு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள், சிலர் கல்லறையில். அவர்கள் கணக்கை எப்படித் தீர்ப்பது என்பதற்கும் சாமியார் ஒரு வழி சொன்னார். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே வேண்டாம்.

பதுளைக்காரம்மா மகள் வீட்டில் இருந்தார். 67 வயது, முழங்கால் வாதம். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். முதல் தடவையாக "நீங்க" என்று கூப்பிட்டேன், எனக்கே விநோதமாக இருந்தது. கவரை நீட்டி, கணக்கைச் சொன்னேன், நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். படிக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டேன். அவர் கவரைப் பிரித்து இரண்டு தடவை எண்ணினார்.

"மூணு கிலோ இல்ல ரைட்டரய்யா, சில நாள் நாலும் போகும். எங் கதவுல கோடு இருந்துச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"கல்லக் கழிச்சீங்களா?"

இல்லை என்றேன். அவர் மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நெடுநேரம் துழாவி, ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை என் கையில் வைத்தார்.

"ஒன்றரைக் கிலோவுக்கு முக்கா ரூவா. நாலணாதான் இப்ப செல்லாதே, மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க. ஒக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? தேத்தண்ணி குடிச்சுட்டுப் போவலாம்."