லேசிக்கா, லென்ஸா: மூன்று சென்னைப் பயணங்கள்

கண்ணாடி தேவைப்படாதபடி பார்வையைத் திருத்தும் லேசர் அறுவையான லேசிக்கைச் செய்துகொள்வதா, கான்டாக்ட் லென்ஸையே தொடர்வதா என்று முடிவு செய்வதற்காகக் கும்பகோணத்திலிருந்து மூன்று முறை சென்னைக்குப் போய்வந்தேன். முதல் பயணம் முழுவதும் வீணாயிற்று. விடுப்பு எடுத்து, உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, விடியுமுன் எழும்பூரில் இறங்கி, மருத்துவமனை திறக்கும்வரை காத்திருந்து டோக்கன் வாங்கினேன். பரிசோதனை அறையில் இருந்தவர் என் கண்ணைப் பார்த்ததும், லென்ஸ் அணிந்து வந்திருப்பதால் இன்று எதையும் அளக்க முடியாது, இரண்டு வாரம் லென்ஸே போடாமல் இருந்துவிட்டு வாருங்கள் என்று கூறி அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். நாள் முழுவதும் கருவிழியின்மேல் (கார்னியா) படிந்திருக்கும் லென்ஸ் அதன் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடுகிறது. அந்த நிலையில் எடுக்கும் அளவை நம்பி லேசரைச் செலுத்தினால் பிழையும் நிரந்தரமாகிவிடும். ஆனால் முன்பதிவுக்காக இரண்டு முறை தொலைபேசியில் பேசியபோது, லென்ஸ் அணிபவரா என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் இன்றும் ஆறாத வருத்தம். லென்ஸ் அணிபவர்கள் முன்பதிவின்போதே எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று தாங்களாகவே கேட்டுவிடுங்கள். என்னுடையது மென்மையான வகை. கடினமான லென்ஸ் என்றால் இடைவெளி இன்னும் சில வாரங்கள் நீளும்.

என் வலக்கண்ணின் பவர் மைனஸ் 6.25, அதோடு கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவரான சிலிண்டர் 1. இடக்கண் மைனஸ் 5.50. அந்த இரண்டு வாரமும் தடித்த கண்ணாடியோடு மழையில் வண்டி ஓட்டியபோது, என்ன செலவானாலும் லேசிக் செய்துவிடுவது என்றே மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன்.

இரண்டாம் பயணத்தில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. கடந்த ஓராண்டில் பவர் மாறவில்லை என்பதற்குப் பழைய சீட்டு வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது கடைசியாக எழுதிய சீட்டு மட்டுமே. ஊரில் இருந்த தம்பியைக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பி, அவர்களுடைய பதிவேட்டில் முந்தைய ஆண்டு எழுதியிருந்த பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளின் பவரும் ஒன்றாகவே இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். கண்ணாடிச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

கருவிழி ஸ்கேன், கண்ணீர் அளவு, கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரை என்று எல்லாப் பரிசோதனைகளும் தடையின்றி முடிந்தன. அந்த மருந்துக்குப் பிறகு சில மணி நேரம் எழுத்துகள் தெரியாது என்பதால் துணைக்கு ஒருவர் வருவது அவசியம். நான் தனியாகப் போயிருந்தேன். மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஆலோசகர் என்னை அழைத்து, லேசிக், ஸ்மைல் என்னும் இன்னொரு லேசர் முறை என்று விலைப்பட்டியலை விரித்து, இன்றே முன்பணம் கட்டினால் சலுகை உண்டு என்றார். எதிரில் இருந்த எழுத்தைப் படிக்கவே முடியாத நிலையில் இருந்த ஒருவரிடம் கையெழுத்துக் கேட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு வந்த மருத்துவர் இரண்டே நிமிடத்தில், தாராளமாகச் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று ஸ்கேன் அறிக்கையைக் கேட்டேன். இங்கே அறுவை செய்துகொள்பவர்களுக்கு மட்டுமே தருவோம் என்றார்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்வதை எடுத்துக்காட்டி, வரவேற்பில் ஒரு வெள்ளைத்தாளை வாங்கி, வருவோர் போவோர் உதவியோடு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்கு வண்ண அச்சில் அறிக்கை என் கைக்கு வந்தது. மூன்று பயணங்களிலும் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்த கணம் அதுதான்.

மூன்றாம் பயணத்தில், வேறொரு மருத்துவர் அந்த அறிக்கையின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார். என் வலக்கருவிழியின் தடிமன் 492 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லேசிக்கில் முதலில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய ஏடாக வெட்டித் திறக்கும் மடலுக்கு ஏறத்தாழ 110, என் பவருக்கு லேசர் செதுக்கி எடுப்பது ஏறத்தாழ 100; ஆக மடலுக்கு அடியில் மிஞ்சுவது 282. குறைந்தபட்சம் 250 மிஞ்ச வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் எல்லை என்பதால், முதல் மருத்துவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் மொத்தத் தடிமனில் 40 விழுக்காட்டுக்கு மேல் கைவைத்தால், கருவிழி பின்னாளில் வலுவிழந்து முன்னோக்கிப் பிதுங்கும் அபாயம் கூடுகிறது என்றும், என் கணக்கில் அது 42ஐத் தாண்டுகிறது என்றும் இவர் விளக்கினார். மடல் திறக்காத பிஆர்கே முறையில் தடிமன் கூடுதலாக மிஞ்சும். ஆனால் முதல் சில நாள் வலி இருக்கும், பார்வை தெளியத் தாமதமாகும், அதிக பவருக்குக் கருவிழியில் மங்கல் படரும் வாய்ப்பும் உண்டு.

அதற்கும் நான் தயாராகவே இருந்தேன். தடுத்தது கண்ணீர் அளவு. இமையில் செருகிய காகிதம் ஐந்து நிமிடத்தில் 7 மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது. லேசர் கருவிழியின் நரம்புகளையும் பாதிப்பதால் வறட்சி சில மாதங்களுக்கேனும் அதிகமாகும். நாளெல்லாம் கணினியில் கணக்கெழுதும் எனக்கு, முதலில் வறட்சிக்கு மருத்துவம், அறுவையைப் பிறகு பார்க்கலாம் என்றார். லென்ஸும் வறண்ட கண்ணுக்கு நல்லதில்லை என்று கூறி, பத்து மணி நேரம் அணிந்த மாத லென்ஸை நிறுத்தி, அன்றாடம் எறிந்துவிடும் லென்ஸை ஆறு மணி நேரத்துக்கு மேற்படாமல் அணியச் சொன்னார். லென்ஸில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது என்பதையும் அவரிடமே முதன்முறையாகக் கேட்டேன். ஏழு ஆண்டுகளாக லென்ஸ் டப்பாவைக் குழாயடியில்தான் கழுவிவந்தேன். அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் அந்தத் தண்ணீரில் இருக்கக்கூடும், அது கருவிழியைத் தொற்றினால் பார்வையே போகலாம் என்று கேட்டபோது உடல் நடுங்கியது.

காப்பீட்டை நம்பியும் பத்து நாள்கள் போயின. முகவர் கேட்ட தாள்களையெல்லாம் அனுப்பிய பிறகு, 7.5 டயாப்டருக்கு (பவரை அளக்கும் அலகு) குறைந்த பார்வைக் குறைபாட்டைத் திருத்தும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற வரியைப் பாலிசிப் புத்தகத்தில் நானே கண்டுபிடித்தேன்.

இப்போது காலையில் கண்ணாடி, வெளியே போகும்போது மட்டும் லென்ஸ், நான்கு வேளை சொட்டு மருந்து. ஆறு மாதம் கழித்து மறுபடி கண்ணீர் அளவு பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பே லென்ஸை நிறுத்த, நாள்காட்டியில் குறித்துவைத்திருக்கிறேன்.