கடைக்கும் வீட்டுக்கும் பிரிட்ஜ், மாடிக்கு ரவுட்டிங்

களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியைப் பார்த்தபடி அக்காவின் கொமினிகேஷன் (பிரிண்ட், பிரதி எடுத்துக் கொடுக்கும்) கடை. அதே வளவுக்குள் பின்பக்கம் வீடு. மாடியில் அத்தான் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு ரியூசன் எடுக்கிறார். ஃபைபர் இணைப்பு கடைக்குத்தான் வருகிறது. அங்கிருந்து கேபிள் இழுத்து வீட்டில் ஒரு ரவுட்டரும் மாடியில் ஒரு ரவுட்டரும் வைத்திருந்தார்கள். பூட்ட வந்தவர் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்த அமைப்பிலேயே விட்டு, கேபிளை வான் போர்ட்டில் (வெளி இணைப்பு வந்து சேரும் துளை) செருகிவிட்டுப் போய்விட்டார். யூடியூப் ஓடியது, எல்லோருக்கும் திருப்தி.

சிக்கல் பிறகுதான் தெரிந்தது. வீட்டிலிருந்து போனில் பிரிண்ட் கொடுத்தால் கடைப் பிரிண்டர் பட்டியலிலேயே வராது. கடையில் இருந்துகொண்டு வீட்டுக் கமராவைப் பார்க்கவும் வழியில்லை. "நெட் ஒண்டுதானே தம்பி, பிறகேன் ஒண்டையொண்டு தெரியுதில்ல?" என்று அக்கா கேட்டார்.

நெட் ஒன்றுதான், வலையமைப்பு மூன்றாகக் கிடந்தது. கடையில் ஃபைபர் பெட்டி 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்தது. வீட்டு ரவுட்டர் தன் பங்குக்கு 192.168.0 வரிசையைத் தொடங்கியிருந்தது. மாடியில் இருந்தது மைக்ரோட்டிக் நிறுவனத்தின் ஒரு சின்ன ரவுட்டர். அதன் வழக்கமான 192.168.88 வரிசை அங்கே. வான் போர்ட் வழியாகப் போகும் ரவுட்டர் உள்ளே இருப்பவர்களின் முகவரியை மறைத்துத் தன் முகவரியைப் போட்டு அனுப்பும். அதனால் வீட்டிலிருந்து கடைக்குப் போகலாம், கடையிலிருந்து வீட்டுக்குள் வர முடியாது. பிரிண்டரின் ஐபி முகவரியை பிரவுசரில் தட்டினால் அதன் பக்கம் வீட்டிலும் திறந்தது. ஆனால் போன் பிரிண்டரைத் தேடுவது "யார் யார் இருக்கிறீர்கள்" என்று வலையமைப்பு முழுக்கக் கூப்பிட்டு. அந்தக் கூப்பாட்டை ரவுட்டர் தாண்ட விடாது, இரண்டு பக்கத்தையும் ஒரே வலையமைப்பாகச் சேர்க்கும் பிரிட்ஜ் தாண்ட விடும். எங்கள் பிரச்சினையில் பாதி இதுதான்.

வீட்டை பிரிட்ஜ் ஆக்குவது என்று முடிவு. அந்த ரவுட்டரில் அக்சஸ் பொயின்ட் மோட் (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் கொடுக்கும் நிலை) என்று தனியாக எதுவும் இல்லை, ஆனாலும் பழைய ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் இது கைகூடும். ஒழுங்குதான் முக்கியம். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்பதால் இரண்டும் மோதாது. லெப்டொப்புக்கும் அதே வரிசையில் கையால் ஒரு முகவரி கொடுத்துத் திரும்ப உள்ளே போய், முகவரி பங்கிடும் டிஎச்சிபியை நிறுத்தினேன். ஒரே வலையமைப்பில் இரண்டு பெட்டிகள் முகவரி பங்கிட்டால், எந்தப் போனுக்கு எது கிடைக்கும் என்று சொல்லவே முடியாது. கடைசியாகக் கேபிளை வான் போர்ட்டிலிருந்து கழற்றி உள்வலையமைப்புக்கான மஞ்சள் லான் போர்ட்டில் செருகினேன். லெப்டொப்பைத் தானாக முகவரி எடுக்கும் நிலைக்குத் திருப்பி முகவரியைக் காட்டும் ஐபிகொன்ஃபிக் கட்டளையை அடித்தால் 192.168.1.104. இந்த இடத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஎச்சிபி கிடைக்கவில்லை என்று அர்த்தம். கேபிளைத்தான் முதலில் பாருங்கள்.

ஃபைபர் பெட்டி பங்கிடும் முகவரிகளை 100 முதல் 200 வரை சுருக்கிவிட்டு, பிரிண்டருக்கு 50, கமராப் பெட்டிக்கு 60 என்று நிலையாகக் கொடுத்தேன். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. சனல் (வைஃபை பேசும் அலைவரிசை) மட்டும் கடையில் 1, வீட்டில் 11. அக்காவின் போன் உடனே பிரிண்டரைக் கண்டுபிடித்தது.

அடுத்த நாள் காலையில் எல்லாமே நின்றது. எல்லாப் பெட்டிகளிலும் லைட் பைத்தியம் பிடித்தமாதிரி மின்னிக்கொண்டிருந்தது. வீட்டைக் கூட்டும்போது யாரோ, மறுமுனை ரவுட்டரில் இருக்கத் தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைக் கண்டு, பாவம் கழன்றுவிட்டது என்று அதே ரவுட்டரில் திரும்பச் செருகியிருக்கிறார்கள். பிரிட்ஜுக்கு இருக்கிற பெரிய ஆபத்து இது. ஐபி பொதிக்கு (இணையத்தில் தரவு போகும் சின்னக் கட்டு) ஆயுள் எண் உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து கடைசியில் செத்துப்போகும். அந்தப் பொதியைச் சுமந்து பிரிட்ஜில் சுற்றும் ஃபிரேம் என்ற உறைக்கு அப்படி ஒன்றும் கிடையாது, வளையம் கிடைத்தால் சுற்றிக்கொண்டே பெருகும். ஸ்பானிங் ட்ரீ என்ற வசதி உள்ள கருவிகள் வளையத்தைக் கண்டு ஒரு போர்ட்டை அடைத்துவிடும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அது இல்லை. கேபிளைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. பாவிக்காத போர்ட்டுகளுக்கு இப்போது இன்சுலேஷன் டேப்.

மாடிதான் யோசிக்க வேண்டிய இடம். "அதையும் பிரிட்ஜ் பண்ணிவிடு தம்பி, எல்லாம் ஒண்டாகட்டும்" என்றார் அத்தான். நான் சம்மதிக்கவில்லை. மாடியில் ஏறுவதெல்லாம் பிள்ளைகளின் போன்கள். கீழே கடைக் கணினியில் சனங்களின் அடையாள அட்டைப் பிரதியும் விண்ணப்பமும் கிடக்கின்றன. நடுவில் வேலி வேண்டும்.

வேலி ஏற்கனவே இருக்கிறதே, அங்கே தனி ரவுட்டர்தானே என்று தோன்றும். பலரும் நம்புவது அதைத்தான், அது தலைகீழ். முகவரி மறைப்பு காப்பாற்றுவது உள்ளே இருப்பவர்களை. இங்கே உள்ளே இருப்பவர்கள் பிள்ளைகள், வெளியே இருப்பது கடை. என் போனை மாடி வைஃபையில் போட்டு 192.168.1.50 என்று அடித்தேன். பிரிண்டர் பக்கம் அழகாகத் திறந்தது. 192.168.1.1 அடித்தால் ஃபைபர் பெட்டியின் பாஸ்வேர்ட் பக்கமே வந்து நின்றது. இனி ஏ.எல். தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்!

அதனால் மைக்ரோட்டிக்கை ரவுட்டராகவே விட்டு, அதன் ஃபயர்வாலில் (போக்குவரத்தை வடிகட்டும் பகுதி) ஒரு விதி போட்டேன். 192.168.88.0/24 (மாடி வரிசை முழுவதும்) இலிருந்து 192.168.1.0/24 (கடை, வீட்டு வரிசை முழுவதும்) க்குக் கடந்துபோக வருவது எதுவானாலும் கைவிடு. விதிகளை அது மேலிருந்து கீழாக வாசிப்பதால் இதை மேலே ஏற்றி வைத்தேன். அப்போ இன்டர்நெட்டும் நின்றுவிடாதா என்று அத்தான் கேட்டார். நிற்காது. கூகிளுக்குப் போகும் பொதி 192.168.1.1 வழியாகப் போகிறதே தவிர, அதில் எழுதியிருக்கும் சேருமிடம் கூகிளின் முகவரிதான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பிள்ளைகளின் போனுக்கு, தளப் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் ஆக மைக்ரோட்டிக்கின் 192.168.88.1 போக வேண்டும். ஃபைபர் பெட்டியின் முகவரி போனால் அந்த விதி அதையும் தடுத்துவிடும், பெயர்கள் திறக்காது.

இப்படி மாற்றும்போது, மைக்ரோட்டிக்கை அமைக்கும் வின்பொக்ஸ் மென்பொருளில் சேஃப் மோட் என்ற பொத்தானை அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். தவறான விதியால் இணைப்பு அறுந்தாலும் மாற்றங்கள் தானாகத் திரும்பிவிடும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப அழுத்தி விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மாற்றமும் போய்விடும்.

பொதி போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் அடித்துப் பார்த்தால் இப்போது எல்லாம் தெளிவு. வீட்டில் முதல் படியே 192.168.1.1. மாடியில் முதலில் 192.168.88.1, பிறகுதான் ஃபைபர் பெட்டி. ஐப்பசி இடி தொடங்கினால் வளவுக்குக் குறுக்கே போகும் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

மாடியில் பின் வரிசை வாங்குகளுக்கு வைஃபை எட்டவில்லை என்று அத்தான் இன்னொரு பெட்டி கேட்கிறார். அது மைக்ரோட்டிக்குக்குக் கீழே பிரிட்ஜாகத்தான் போகும், 192.168.88.2 என்ற முகவரியில், டிஎச்சிபி நிறுத்தி.